நடுவில் சுவர், எதிரில் அக்கா

லிஃப்டில் ஒரு கான்ட்ராக்டர் ஏறினால் அரக்கு சார் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார். மீதிக்குப் படிதான். மூச்சு வாங்கிக்கொண்டு டெண்டர் பிரிவுக்குள் அவர் நுழைந்ததும், "என்ன சார், இன்னிக்கு லிஃப்டுல யாரு வந்தாங்க?" என்று யாராவது கேட்பார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியின் அடியில் கொஞ்ச நேரம் நிற்பார்.

பொதுப்பணி அலுவலகத்தில் டெண்டர் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். அரசாங்கம் கட்டுகிற பள்ளிக்கூடக் கழிப்பறையானாலும் சரி, ஆஸ்பத்திரிக் கட்டடமானாலும் சரி, அதை யார் கட்டுவது என்று முடிவாகும் காகிதங்கள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கான்ட்ராக்டர்கள் விலை எழுதிக் கொடுக்கும் உறைகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பது அவர் பொறுப்பாக இருந்தது. விரல் நுனிகளில் எப்போதும் சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். பிறகு உறைகள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பெயர் மட்டும் அவரை விடவில்லை.

ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாப்பிலிருந்து அலுவலகம் வரை ஒரு கான்ட்ராக்டர் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். அரக்கு சார் அவரோடு மரியாதையாகப் பேசிக்கொண்டே நடந்தார், ஆனால் குடைக்கு வெளியே. வாசல் காவலாளி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீம்பு என்று சிலர் சொன்னார்கள். பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் அவர் காதில் விழுந்துதான் இருக்கும்.

இந்தக் குணம் அவருக்கு அக்காவிடமிருந்து வந்தது. அம்மா போனபோது இவர் சின்னப் பையன். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து இவரைப் படிக்க வைத்தாள். வேலை கிடைத்த அன்று அவளே இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தாள். "பாக்கெட் சின்னதாத்தான் வச்சிருக்கேன். பெருசா வேணும்னு என்னைக்கும் வந்து நிக்காதே" என்றாள். அவர் வந்து நிற்கவில்லை.

அக்காவின் வீடு இவர் வீட்டுக்கு நேர் எதிரில், சாலைக்கு அந்தப் பக்கம். கணவர் காலமான பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு சாலையைக் கடந்து வருவாள். போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு வருவாள். லாரிக்காரர்களும் அடங்கி நிற்பார்கள். நேரே சமையலறைக்குப் போய் அங்கே கிடக்கும் மரஸ்டூலில் உட்காருவாள். தம்பி சாப்பிட்டு முடிக்கும் வரை எதையாவது குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். தம்பி அந்தப் பக்கம் போவது அபூர்வம். அக்கா வருகிறாளே, அப்புறம் எதற்கு?

அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. விபத்துகள் நடக்கவே, குறுக்கே யாரும் போகக்கூடாது என்று நடுவில் நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். 'இங்கே நடைமேம்பாலம் அமையவிருக்கிறது' என்று ஒரு பலகையும் நட்டார்கள். பலகை துருப்பிடித்தது. பாலம் வரவில்லை. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமானால் பஸ் பிடித்து டிப்போ சிக்னல் வரை போய், வளைந்து, இன்னொரு பஸ்ஸில் திரும்ப வேண்டும். முட்டி தேய்ந்துபோன அக்காவால் அது முடியாது. தம்பி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருவார்.

மற்ற நாட்களில் இருவரும் அவரவர் மொட்டைமாடியில் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனில் பேசுவார்கள்.

"டேய், கையில என்ன வச்சிருக்கேன் தெரியுதா?"

"தூக்குதானேக்கா?"

"உனக்குப் பண்ணினது. எப்படி அனுப்பறது? காக்கா கழுத்துல கட்டி விடவா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்கா."

"அதுவரைக்கும் இது தாங்குமா? ஊருக்கெல்லாம் பாலம் போடறவன் அக்கா வீட்டுக்கு ஒரு பலகை போட மாட்டேங்கறான்னு இங்க எல்லாரும் பேசறாங்க."

"யாருக்கா பேசறாங்க?"

"நான்தான் பேசறேன். வேற யாரு இருக்கா இங்க?"

பாலத்துக்கு டெண்டர் விடாமல் இல்லை. முதல் தடவை ஒருவரும் வரவில்லை. சின்ன வேலை, பெரிய தலைவலி என்று ஒதுங்கிவிட்டார்கள். அடுத்த தடவை ஒரே ஒருவர் வந்தார். போட்டி இல்லாமல் ஒருவருக்கே கொடுத்தால் பேச்சு வரும் என்று அதை ரத்து செய்தார்கள். கோப்பு மேஜை மேஜையாக நடந்து திரும்பி வருவதற்குள் சிமெண்ட் விலையும் இரும்பு விலையும் ஏறிப்போயிருக்க, எஸ்டிமேட்டை மறுபடியும் போட வேண்டியதாயிற்று. மூன்றாவதாக எடுத்தவர் தூணுக்குக் குழி தோண்டிய கையோடு காணாமல் போனார். அவர்மேல் போட்ட வழக்கும் ஒருவழியாக முடிந்தது. குழி முடியவில்லை. அதில் தண்ணீர் தேங்கித் தவளைகள் குடியேறின. "உங்க ஆபீஸ் கட்டினதுலயே உருப்படியானது இந்தத் தவளைக் குளம்தான்" என்பாள் அக்கா.

தேங்கிக் கிடந்தது இந்த ஒரு பாலம் மட்டுமில்லை. அலுவலகத்தின் அலமாரிகள் நிறைய இப்படிப்பட்ட வேலைகள்தான். அந்த நேரத்தில்தான் புதிய செயற்பொறியாளர் வந்தார். சின்னக் குரலில் பேசும் பெண்மணி. மேஜைக்கு அடியில் மண் ஒட்டிய பூட்ஸ் ஒரு ஜோடி எப்போதும் தயாராக இருக்கும். வந்த சில நாட்களிலேயே டெண்டர் பிரிவுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியா கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க சார். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுவோம். ஒரே படம், ஒரே அளவு. இரும்புச் சட்டமெல்லாம் பட்டறையிலயே செஞ்சு வரட்டும். இங்க தூண் மட்டும் எழுப்பினா போதும். கான்ட்ராக்டருங்க தகுதியை முதல்லயே ஒரு தடவை பார்த்து முடிச்சிடுவோம். அப்புறம் விலையை மட்டும் பார்த்தா போதுமில்லையா?"

"கோப்பு எல்லா மேஜைக்கும் போய் வரணுமே மேடம்?"

"கோப்பு ஏன் நடக்கணும்? கையெழுத்துப் போடறவங்க எல்லாரையும் ஒரு நாள் ஒரே அறையில உக்கார வச்சா போச்சு."

அரக்கு சாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மேஜையிலும் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் காகிதத்துக்கு நல்லது என்று நம்பியவர் அவர். விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வரிவரியாகப் படித்தார். எதுவும் தடுக்கவில்லை, தடுக்கிறது என்று இத்தனை வருஷமும் எல்லோருமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் அவருக்கே ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. எந்தெந்தப் பாலங்களைத் தொகுப்பில் சேர்ப்பது என்று அலமாரிகளைக் குடைந்தார். எங்கே நிலம் தயார், எங்கே தூணுக்கு இடையில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது என்றெல்லாம் தானே போய்ப் பார்த்து வந்தார். பட்டியல் தயாராயிற்று.

அதில் ஒன்றே ஒன்று இல்லை. எந்தப் பாலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரும் விடச் சொல்லவில்லை. அவர் கைதான் அதை எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்: 'அரக்கு, அக்கா வீட்டுக்குப் பாலம் போட்டுக்கிச்சு.' லிஃப்டில், டீக்கடையில், வாசல் காவலாளி வாயில். இத்தனை வருஷம் குடைக்கு வெளியே நனைந்ததெல்லாம் ஒரு நாளில் வீணாகிவிடும்.

அதே வாரத்தில் அக்கா போனில் வேறொரு செய்தி சொன்னாள்.

"மக வரச்சொல்லிக்கிட்டே இருக்கா. மழை முடிஞ்சதும் போயிடலாம்னு பார்க்கறேன். வீட்டை வாடகைக்கு விட்டுடறேன்."

எதிர் மொட்டைமாடியில் அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. மகள் இருப்பது ரயிலில் போக வேண்டிய ஊர்.

"அங்க போயி என்னக்கா பண்ணுவே?"

"இங்க என்ன பண்றேன்? உன் மொட்டைமாடியப் பாத்துட்டிருக்கேன். அங்க போனா அவ பால்கனியில நின்னு பாத்துட்டிருப்பேன். ஒரு ஆத்திர அவசரத்துக்குக் கதவத் தட்ட ஆளு இருக்குமில்ல?"

"சரிக்கா" என்றார் தம்பி.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். தேவைக்கு மேல் பேச மாட்டார். "அக்கா போறேங்கறாங்க. நீங்க சரிங்கறீங்க. அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, துணியோடு கீழே இறங்கிப் போனார்.

சில நாட்களுக்குப் பிறகு பொறியாளரும் அரக்கு சாரும் வேறொரு வேலையைப் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழி அந்தச் சாலைதான். தவளைக் குளத்தைத் தாண்டும்போது பொறியாளர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"தூண் குழி மாதிரி இருக்கே. இது எந்த வேலை? நம்ம லிஸ்ட்ல இல்லையே?"

அரக்கு சார் இறங்கி நின்றார்.

"பழைய நடைமேம்பாலம் மேடம். நான்தான் சேர்க்கல."

"ஏன், நிலம் பிரச்சினையா?"

"இல்லைங்க. அதோ, அது என் வீடு. எதிர்ல, அந்தப் பச்சைக் கதவு, என் அக்கா வீடு."

பொறியாளர் பச்சைக் கதவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரின் நீளத்துக்கு டிப்போ பக்கம் நடந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அவள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.

"உங்களுக்காகப் பாலத்தைப் போட்டா தப்புதான் சார்" என்றார் பொறியாளர், அதே சின்னக் குரலில். "உங்களுக்காகப் போடாம விட்டா மட்டும் சரியா? ரெண்டுலயும் நீங்கதானே நடுவுல நிக்கறீங்க."

அரக்கு சார் ஜீப்பில் ஏறினார். அலுவலகம் வந்ததும் ஒரு தாள் எடுத்து, அந்த இடத்தில் தன் வீடும் அக்கா வீடும் இருப்பதால் இந்தத் தொகுப்பின் எந்த முடிவிலும் தான் பங்கேற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, எல்லாவற்றையும் தன் உதவியாளரிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்த நாளில் அரக்கு சார் தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. டெண்டர் கூட்டத்தில் யாரும் சிரித்து அவர் கேட்டதில்லை.

உதவியாளர் வெளியே வந்தாள். "முடிஞ்சுடுச்சு சார். நல்ல கான்ட்ராக்டரா அமைஞ்சிருக்காங்க. படத்தையாவது ஒரு தடவை பாருங்களேன், பாலம் அழகா இருக்கு."

"வேண்டாம்மா. நான் பார்க்கக்கூடாது."

"படம் பார்த்தா என்ன சார் தப்பு?"

"வேண்டாம்னா வேண்டாம்."

மழைக்கு முன்பே தவளைகள் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. தூண்கள் எழுந்தன. அக்கா தன் மகளிடம், "கொஞ்சம் பொறு. பாலம் வந்ததும் ஒரு தடவை தம்பி வீட்டுக்குப் போய் உக்காந்து பாத்துட்டு, அப்புறம் சொல்றேன்" என்றாள். வீடு பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். சாயங்காலப் போன் இப்போது நேர்முக வர்ணனை ஆகிவிட்டது.

"மஞ்சத் தொப்பி போட்டவன் சரியில்லடா. வேலை செய்யற நேரத்தவிட தொப்பியச் சரிபண்ற நேரம்தான் அதிகம்."

"அது சூப்பர்வைசரா இருக்கும்கா."

"அதான் பார்த்தேன், கையில அழுக்கே இல்லையேன்னு."

பட்டறையில் செய்த இரும்புச் சட்டங்கள் நீளமான லாரிகளில் வந்தன. ஒரு காலை கண் விழித்தால், சாலைக்குக் குறுக்கே வானத்தில் ஒரு பாதை இருந்தது. இன்னும் சில வாரங்களில் வர்ணம் அடித்து, அடைத்திருந்த நாடாவையும் அவிழ்த்துவிட்டார்கள். விழா எதுவும் வைக்கவில்லை. மூட்டையில் மற்ற பாலங்களும் இருந்தன; கான்ட்ராக்டருக்கு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

அன்று அரக்கு சார் அரை நாள் லீவு போட்டார். மனைவி சமையலறையில் மரஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டு அவரோடு வந்தார். போன் அடித்தது. "வரேன்டா" என்றாள் அக்கா.

இருவரும் பாலத்தின் அடியில் நின்றார்கள். அரக்கு சார் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். படிகள். செங்குத்தாக ஏறி, ஒரு தட்டில் திரும்பி, மறுபடியும் செங்குத்தாக ஏறின. லாரிகள் அடியில் போக வேண்டுமே, அவ்வளவு உயரம். ஏறுவதற்கு வேறு வழி எதுவும் இல்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். ஒரே படம்தானே.

நேரம் போனது. மேலிருந்து பள்ளிப் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள், ஒரு தபால்காரர் வந்தார். அக்கா வரவில்லை. மறுபடியும் போன்.

"டேய்."

"அக்கா."

"இது பாலமா மலையாடா? கொஞ்சம் ஏறிட்டு உக்காந்துட்டேன். முட்டி மாட்டேங்குது."

அரக்கு சார் மறுபடியும் படிகளை அண்ணாந்து பார்த்தார்.

"என் தப்புதான்கா. சாய்வுப் பாதை இல்லைன்னு நான் கவனிச்சிருக்கணும். படத்தை நான் பார்க்கல."

"உன் மேஜையில இருக்கற படத்த ஏன் பார்க்கல?"

"நம்ம வீட்டுக்கிட்ட வர்றது. நான் பார்த்தா நல்லா இருக்காதுன்னு..."

"கண்ண மூடிக்கிட்டா நேர்மையாடா? நல்லா இருக்கே." அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் கோபமில்லை. "சரி விடு. எனக்கு முட்டி போச்சு. உனக்கு என்ன போச்சு? கான்ட்ராக்டரப் பார்த்தா மாடி மாடியா ஏறறவன்தானே நீ? ஏறி வா."

அரக்கு சார் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். அக்கா வருவாள், அக்கா வருவாள் என்றுதான் அவர் இத்தனை காலமும் காத்திருந்தார். சுவர் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான். பாலத்தில் தான் ஏறிப் போகலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"போங்க" என்றார் மனைவி. "கடைக்கு நேரமாச்சு. நான் சாயங்காலம் அக்காவப் பாக்க வரேன்."

அவர் ஏறினார். அலுவலகப் படிகளில் பழகிய கால். நடுவில் நின்று பார்த்தபோது கீழே சுவர் ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. அந்தப் பக்கம் இறங்கியபோது, அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு படியில் அக்கா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சட்டைப் பொத்தான் விட்டுப்போயிருக்கு" என்றாள். "வா, வீட்டுக்கு வந்தா தைச்சுத் தரேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில், அலுவலகத்துக்குப் போகும் முன் அவர் பாலம் ஏறினார். மேலே நடுவில் ஒரு கணம் நிற்பார். பச்சைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கையை ஆட்டுவார். அக்காவுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்து, குறைகளைக் கேட்டுக்கொண்டு, தூக்கோடு திரும்புவார். மகள் மறுபடியும் கூப்பிட்டபோது அக்கா சொன்னாள்: "இப்ப எப்படி வர்றது? காலையில தம்பி வருவான். கதவத் திறக்கணும்."

அடுத்த தொகுப்புக்கான கூட்டத்தில் அரக்கு சார் வழக்கத்துக்கு மாறாகக் கையைத் தூக்கினார். "படத்தை மாத்தணும் மேடம். சாய்வுப் பாதை இல்லாம இனிமே ஒரு பாலமும் போகக்கூடாது. போட்ட பாலங்களுக்கும் சேர்க்கணும்." தன் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டதையும் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பொறியாளர் தன் டைரியில் எழுதிக்கொண்டார். "நானும்தான் சார் பார்க்கல. படம் என் கையெழுத்துலதான் போச்சு" என்றார்.

கட்டி முடித்த பாலங்களுக்குச் சாய்வுப் பாதை சேர்க்க ஒரு தனி மூட்டை கட்டினார்கள். எந்தப் பாலத்தை எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை வைத்து வரிசை. கணக்கெடுப்பு முடிந்த நாளில் உதவியாளர் மெதுவாகக் கேட்டாள்: "சார், உங்க வீட்டுப் பாலத்தைக் கடைசில போட்டுடவா?"

"கணக்குப்படி அது எங்க வருது?"

"நடுவுல சார்."

"அப்ப நடுவுல போடு."

அதன் முறை வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் காலைப் பாலம் நிற்கவில்லை. அக்கா வீட்டில் உட்காரும் நேரம்தான் கூடியது. பிறகு ஒரு காலை பச்சைக் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. அவர் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். கான்ட்ராக்டர்கள் சிலரும் வந்து, பழக்கதோஷத்தால் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

சாய்வுப் பாதை அந்த வருஷ மழைக்குப் பிறகுதான் முடிந்தது. இரண்டு பக்கமும் நீளமாக வளைந்து, கைப்பிடியோடு, மெதுவாக ஏறுகிறது. அவர் மனைவி அந்தப் பக்கம் போய் அக்காவை அழைத்துவந்தார். அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அங்கங்கே நின்று, வளைவுக்கு வளைவு ஒரு குறை சொல்லிக்கொண்டு ஏறினாள். வர்ணம் சரியில்லை. கைப்பிடி இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம். இவ்வளவு சுற்ற வேண்டுமா?

மேலே வந்ததும் நின்றாள். ஒரு பக்கம் அவள் மொட்டைமாடி, இன்னொரு பக்கம் தம்பியின் மொட்டைமாடி. அடியில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"இங்கதானே நிப்பான்?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு அடி தள்ளி" என்றார் தம்பி மனைவி.

அக்கா இரண்டு அடி தள்ளிப் போய் நின்று, தன் வீட்டுப் பச்சைக் கதவைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்; வழி போதவில்லை. அக்கா கைப்பிடியோடு ஒண்டி இடம் விட்டாள்.

"நடுவுல நின்னு வேடிக்கை பார்த்தா வர்றவங்க எப்படிப் போவாங்க?" என்றாள். "வா, போகலாம். அந்த ஸ்டூல் இன்னும் சமையலறையிலதானே கிடக்கு?"